படம் வருது, சத்தம் வரல

செய்யாறு பக்கம் ஒரு கூத்து. இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியும்வரை.

பதிவு செய்தது மூன்று கருவிகளில். ஒரு கேமரா, ஒரு போன், கையில் அடங்கும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று.

மூன்றிலும் ஒலி பதிவாகியிருக்கிறது. எடிட்டிங்கில் போட்டால் மூன்றிலும் ஒலி இல்லை. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

எழுதி வைத்துக்கொள்கிறேன். போன தடவை எழுதி வைக்கவில்லை, மறந்து போனது.


முதலில் கேமரா. டைம்லைனில் இழுத்துப் போட்டால் படம் மட்டும் விழுகிறது. ஒலித்தடம் என்று ஒரு கோடுகூட இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. கோபமாக ஏதாவது சொன்னால்கூடத் தேவலை.

அதே கோப்பு எம்பிவி பிளேயரில் நன்றாகப் பாடுகிறது.

நண்பரிடம் சொன்னேன். "மைக் ஆன் பண்ணியா?"

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான்.


டெர்மினலில் எஃப்எஃப்புரோப், கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் கருவி. படம் எச்.264. ஒலி ஏஏசி, 48,000 ஹெர்ட்ஸ், இரண்டு சேனல். கோப்புக்கு ஒரு நோயும் இல்லை.

எடிட்டிங் மென்பொருள் காசு கொடுத்து வாங்கியது. பெயர் வேண்டாம். விண்டோஸில் இதே மென்பொருள், இதே கோப்பு, ஒலியோடு திறக்கிறது. லினக்ஸில் ஊமை.

விண்டோஸும் மேக்கும் ஏஏசி டிகோடரைத் தாங்களே வைத்திருக்கின்றன. மென்பொருள் கேட்டால் இரவல் கிடைக்கும். லினக்ஸில் அப்படிச் சட்டப்படி இரவல் தர ஒரு பொதுவான வீடு இல்லை.

ஏஏசி தரநிலை ஆனது 1997இல். காப்புரிமை, உரிமத்தொகை எல்லாம் உண்டு. எம்பி3க்கான உரிம வசூல் 2017இல் நின்றது. ஏஏசிக்கு வசூல் உண்டு.


திரௌபதை பாடுகிறாள். வாய் அசைகிறது. நகை மினுங்குகிறது. ஒரு சத்தமும் இல்லை.

கூத்தில் வேஷம் முதலில் திரைக்குப் பின்னால்தான் வரும். இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளேயிருந்து பாட்டு. சலங்கை. ஆள் தெரியாது.


கோப்பின் பெயரில் எம்பி4 என்பதை அழித்து மூவ் என்று எழுதச் சொன்னார் இன்னொருவர்.

எழுதினேன். ஒன்றும் மாறவில்லை. டப்பாமேல் சீட்டு மாற்றினால் பருப்பு மாறாது.


வேலை செய்தது: படத்தைத் தொடாமல் அப்படியே நகலெடு, ஒலியை மட்டும் பிசிஎம் ஆக்கு, மூவ் கொள்கலனில் வை. எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் கருவியில் ஒரே வரி. ஒரு மணி நேரக் காட்சிக்கு ஒரு தேநீர்கூட ஆகவில்லை.

பிசிஎம் என்பது சுருக்காத ஒலி. நொடிக்கு 1,92,000 பைட். மணிக்கு 691 மெகாபைட். 128 கிலோபிட் ஏஏசி என்றால் மணிக்கு 58. பன்னிரண்டு மடங்கு.

கூடுதலாக ஒரு சொட்டு ஒலியும் கேட்காது. ஏற்கெனவே போனது போனதுதான்.

எது போனது? முகவீணை உச்சத்தில் ஊதும்போது வயலில் கத்திய பூச்சி. காதுக்குக் கேட்காது என்று கணக்குப் போட்டு எறிந்துவிடுகிறது ஏஏசி. முகவீணை நின்றதும் பூச்சி திரும்ப வருகிறது. கேட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் எறிந்திருக்கிறது. அங்கே இருந்தபோதும் எனக்குக் கேட்கவில்லை.


மடிக்கணினியில் எத்தனை எஃப்எஃப்எம்பெக் என்று தேடினேன்.

மூன்று. டெபியன் 12 தந்தது ஒன்று. கேடென்லைவ் எடிட்டரின் ஆப்இமேஜுக்குள் ஒன்று. ஃபிளாட்பேக் ஒன்றுக்குள் இன்னொன்று.

ஒருவர் வீட்டுச் சமையல் அடுத்தவருக்குத் தெரியாது. ஒன்றில் பாடும் கோப்பு மற்றதில் பாடவேண்டும் என்று கட்டாயமில்லை. டெபியனில் எஃப்எஃப்எம்பெக்கின் டிகோடர் நூலகமான லிப்ஏவிகோடெக்கை ஏற்றி ஏற்றிப் பார்த்து ஒரு மாலை போனது. ஆப்இமேஜ் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஃபெடோராவில் பொட்டலத்தின் பெயரே எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ. பெயரில் விடுதலை. உள்ளே எஃப்எஃப்எம்பெக்கின் சொந்த எச்.264 டிகோடர் கிடையாது. வேண்டுமென்றால் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக்களஞ்சியத்துக்குப் போகவேண்டும்.


கேமரா 4 ஜிபிக்கு ஒரு துண்டாக வெட்டி எழுதுகிறது. மூன்றாவது துண்டில் நடுவே கரகரப்பு. கார்டு பழசு. மாற்றியிருக்கவேண்டும், மாற்றவில்லை.

டெர்மினல் சிவப்பாகக் கத்தியது. ஒதுக்கி வைத்த பிட் எழுந்து நிற்கிறதாம். அடுத்த வரி: ஏஏசி-எல்சியில் முன்கணிப்புக்கு அனுமதி இல்லை.

ஜோசியம் பார்க்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டேன்.

கேமரா ஜோசியம் பார்க்கவில்லை. கொஞ்சம் முன்னால் எங்கோ சில பிட் கெட்டுப்போயிருக்கிறது. அந்தத் துணுக்கில் அதன்பிறகு வந்த எல்லாவற்றையும் டிகோடர் தப்பாகப் படித்து, தப்பாகப் படித்ததற்கு அர்த்தமும் கண்டுபிடித்திருக்கிறது.

உள்ளே இருப்பது ஹஃப்மன் குறியீடு. அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறி, அரிதாக வருவதற்கு நீளக் குறி. நடுவில் இடைவெளி கிடையாது. ஒன்று எங்கே முடிகிறது என்பது அதைப் படித்து முடித்தால்தான் தெரியும்.

ஓலைச்சுவடியிலும் புள்ளி வைக்கமாட்டார்கள். சொல்லுக்குச் சொல் இடம் விடமாட்டார்கள்.

டேவிட் ஹஃப்மன் இதைக் கட்டுரையாக வெளியிட்டது 1952இல். எஃப்எஃப்எம்பெக் 2000இல் ஃபப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கியது. அதன் 8.0 பதிப்புக்கு வைத்த பெயர் ஹஃப்மன்.


ஒரு ஃபிரேம் என்பது 1,024 மாதிரிகள். 48,000இல் 21 மில்லிநொடி. கெட்டது ஒரு ஃபிரேம்தான். அடுத்த ஃபிரேமில் டிகோடர் புதிதாக மூச்சு வாங்கிக்கொள்கிறது.

ஆனால் பக்கத்து ஃபிரேமும் நசுங்கியிருந்தது. ஏஏசியில் ஒவ்வொரு ஃபிரேமும் அடுத்ததன்மேல் பாதி படர்ந்திருக்கும். இரண்டையும் கூட்டினால்தான் ஒலி. ஒரு வீட்டுச் சுவர் இடிந்தால் பக்கத்து வீட்டு அலமாரியும் விழும்.

இன்னொன்று, பிழையே இல்லாத இடத்தில். மிருதங்க அடிக்கு ஒரு நூலளவு முன்னால் ஒரு சரசரப்பு. அடி இன்னும் விழவில்லை, அதன் தூசு முதலில் கேட்கிறது. இதைத் தடுக்க ஃபிரேமை 128 மாதிரிகள் கொண்ட எட்டுத் துண்டாக நறுக்கும் வழி தரநிலையிலேயே உண்டு. இந்தக் கேமரா ஏனோ நறுக்கவில்லை.

ஹெட்போனில் மூன்று தடவை கேட்டேன். நான்காவது தடவை கேட்கவில்லை. பழகிவிட்டது.


போன். சித்தப்பா மகனுடையது, புதுசு. அவன் எடுத்ததில் இரண்டு ஒலித்தடம். ஒன்று ஏஏசி. இரண்டாவதை எஃப்எஃப்எம்பெக் அறியாத கோடெக் என்றது. பெயர் தெரியாததால் ஓர் எண்ணைக் காட்டியது: 63617061.

பின்னாலிருந்து இரண்டிரண்டாகப் படிக்கவேண்டும். 61 ஏ. 70 பி. 61 ஏ. 63 சி.

ஏபிஏசி. முப்பரிமாண ஒலியாம். எடிட்டர் அந்தத் தடத்தைப் பார்த்து மிரண்டு, நல்ல தடத்தையும் சேர்த்து விட்டுவிட்டது.

முதல் தடத்தை மட்டும் எடு என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். தீர்ந்தது.

"அண்ணா, நாலாபக்கமும் சத்தம் கேக்கும்னு சொல்லித்தானே வித்தாங்க?"

ஒரு பக்கம் கேட்டால் போதும் தம்பி.


ஒலிப்பதிவுக் கருவி. இதற்குத்தான் நாலு நாள்.

11 மணிக்கு பேட்டரி போய்விட்டது. ஸ்டாப் பொத்தானை யாரும் அழுத்தவில்லை.

கோப்பு 691 மெகாபைட் இருக்கிறது. எடிட்டர் சொல்லும் நீளம் 0 நொடி.

வேவ் கோப்பின் தலைப்பில் "எனக்குப் பின்னால் இவ்வளவு ஒலி இருக்கிறது" என்று ஓர் எண் எழுதவேண்டும். பதிவு முடிந்தபிறகே அது தெரியும். அதனால் முதலில் பூஜ்யம் போட்டுவிட்டு, நிறுத்தும்போது திரும்ப வந்து நிரப்பும் இந்தக் கருவி. வர முடியவில்லை.

எம்பி4இல் இதைவிட மோசம். எந்த ஃபிரேம் எங்கே என்ற அட்டவணையே கடைசியில்தான் எழுதப்படும், பெரும்பாலும். அந்த அட்டவணை இருக்கும் 'மூவ் ஆட்டம்' இல்லை என்று பிழை வந்தால் பாதி வீடியோக்காரர்கள் கோப்பை அழித்துவிடுகிறார்கள். அழிக்கவேண்டாம். அதே கருவியில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்து மீட்டவர்கள் இருக்கிறார்கள்.


ஆடாசிட்டியில் 'ரா டேட்டா' என்று திறக்கலாம். தலைப்பை நம்பாதே, எல்லாம் ஒலி என்று எடுத்துக்கொள்.

முதல் முயற்சி. ஒரு பைட் தள்ளித் திறந்துவிட்டேன். அருவி மாதிரி இரைச்சல், ஒரு மணி நேரம் முழுக்க.

இரண்டாவது முயற்சியில் பாட்டு வந்தது.

தொடக்கத்தில் ஒரு 'டிக்'.

அது என்ன என்று அரை மணி நேரம் தேடினேன். தலைப்பு 44 பைட். ஸ்டீரியோ, 16 பிட் என்றால் ஒரு மாதிரிக்கு 4 பைட். 44ஐ நாலால் வகுத்தால் 11. பதினொரு மாதிரி நீளத்துக்குத் தலைப்பே ஒலியாகக் கேட்கிறது. கோப்பு தன் வகையையும் அளவுகளையும் எழுதிவைத்த எழுத்து. ஒரு நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு.


கூத்து வாத்தியாருக்கு ஒரு துண்டு அனுப்பினேன். தொடக்க விருத்தம். உடனே போன் வந்தது.

"யாருங்க தம்பி பாடறது?"

"நீங்கதான் வாத்தியாரே."

"நான் இல்ல. நான் பாடுனது அஞ்சு கட்டை. இது நாலரையும் இல்ல, நாலும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. பெட்டியில அப்படி ஒரு கட்டையே கெடையாது."

வைத்துவிட்டார்.


ஆடாசிட்டி கேட்ட பெட்டியில் 44,100 என்று இருந்தது. பார்க்காமல் சரி என்று அழுத்தியிருக்கிறேன். கருவி பதிந்தது 48,000இல்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுருதி 1.47 அரைச்சுரம் இறங்கும். ஐந்து கட்டையிலிருந்து ஓர் அரைச்சுரம் இறங்கினால் நாலரை. இரண்டு இறங்கினால் நாலு.

நடுவில்தான் நிற்கிறது.

60 நிமிடம் 65 நிமிடம் 18 நொடியாக நீண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. கூத்து மெதுவாகத்தானே தொடங்கும் என்று நினைத்தேன்.

சரியான எண் கோப்பிலேயே இருந்தது. தலைப்பின் 24ஆவது பைட்டிலிருந்து. பூஜ்யமாகிப் போனது நீளம் மட்டும்தான், வேகம் அப்படியே எழுதியிருந்தது. நான் 'டிக்' என்று கேட்டதற்குள்ளேதான் இருந்தது.


44,100 எங்கிருந்து வந்த எண்?

வீடியோ டேப்பிலிருந்து. டிஜிட்டல் ஒலியை ஆரம்பத்தில் வீடியோ டேப்பில்தான் படம் மாதிரி வேஷம் போட்டு எழுதினார்கள். அமெரிக்க முறையில் 245 கோடு, நொடிக்கு 60 தடவை, கோட்டுக்கு 3 மாதிரி. பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 294 கோடு, 50 தடவை, 3 மாதிரி. அதுவும் 44,100.

சிடி அந்த எண்ணை எடுத்துக்கொண்டது. வீடியோக்காரர்கள் 48,000க்குப் போய்விட்டார்கள்.


கேமராவும் போனும். தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல், அதை வைத்து இரண்டையும் பொருத்தினேன். விடியற்காலை வரும்போது தாளம் இரண்டாகக் கேட்கிறது.

இரண்டு கடிகாரம். பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 72 மில்லிநொடி. எட்டு மணி நேரத்தில் அரை நொடிக்கு மேல். இரண்டும் தத்தம் அளவில் சரி.

இதை டிகோடிங் பிழை என்று நினைத்து ஒரு நாள் வீண்.


பார்க்கவேண்டிய வரிசை, எனக்காக. முதலில் வேறொரு பிளேயரில் கேள். பிறகு எஃப்எஃப்புரோப். பிறகு எந்த எஃப்எஃப்எம்பெக் என்று பார். கடைசியில் மாற்று. நான் ஒவ்வொரு தடவையும் கடைசியிலிருந்து தொடங்குகிறேன்.

நகலில் வேலை செய். அசலைத் தொடாதே.


ரெண்டர் முடிந்தது. வாத்தியார் போனில் பார்க்கவேண்டும், அதனால் எம்பி4. ஒலி ஏஏசி.

ஏஏசியாக வந்ததைப் பிசிஎம் ஆக்கி, எட்டு நாள் மல்லுக்கட்டி, மறுபடி ஏஏசி.

ஐந்து கட்டை சரியாக இருக்கிறதா என்று போனில் சுருதிப்பெட்டி செயலியை வைத்துப் பார்த்தேன். இருக்கிறது. தொடக்கத்தில் அந்த 11 மாதிரியை வெட்டவில்லை.

காலை 11 மணிக்கு அனுப்பினேன். வைகாசி, தினமும் ஏதாவது ஓர் ஊரில் கூத்து. இது அவர் தூங்கும் நேரம்.

ஒரே ஒரு டிக். போன் அணைந்திருக்கிறது.