குளிர் போன வழி

வீட்டையே வண்டியாக்கிக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் அமெரிக்க நாட்டில் வேரூன்றிப் போன ஒன்று. படுக்கையும் அடுப்பும் குளியலறையும் உள்ளே. முன்புறத்தில் ஓட்டுநர் இருக்கை. மோட்டார்ஹோம் என்று அதனை அழைப்பர். பணி ஓய்வு பெற்ற முதியோர் சிலர், இருந்த வீட்டை விற்றுவிட்டு இவ்வண்டியே இல்லமெனக் கொண்டு, கோடையில் வடக்கும் பனிக்காலத்தில் தெற்குமாக வலசைப் பறவைகள் போல் சென்று வருகின்றனர்.

இவ்வண்டியில் பெரும்பாலும் இருவகைக் குளிர்சாதனங்கள் உண்டு. கூரைமேல் இருப்பது மின்சாரத்தால் இயங்குவது. வண்டி நிற்குமிடத்தில் வீட்டைக் குளிர்விப்பது அதன் கடமை. மற்றது ஓட்டுநருக்கு எதிரேயுள்ள முகப்புப் பலகையிலிருந்து காற்று வீசுவது. எஞ்சின் ஓடும்போது வாரினால் சுழற்றப்படும் கம்ப்ரசரே அதற்கு உயிர். கூரைச் சாதனத்தின் தண்மை முன்னிருக்கை வரை எட்டுவது அரிது. அகன்ற முன்கண்ணாடி வழியே வெயில் நேராக மடியில் விழும். அரிசோனா மாநிலத்துப் பாலைவனச் சாலைகளில் கோடை நண்பகலின் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். அங்கே முகப்புச் சாதனம் பழுதாகிவிட்டால் அதனை வசதிக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட இயலாது.

அத்தகைய கோடையொன்றில் ஓய்வு பெற்ற பள்ளியாசிரியர் ஒருவர் தம் மனைவியோடு அவ்வழியே வந்தார். அந்த அம்மையாருக்கு இதய நோய். வெப்பம் ஆகாதென்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஓராண்டுக் காலம் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்த வண்டி அது. புறப்பட்ட மறுநாளே முகப்பிலிருந்து வெதுவெதுப்பான காற்று வரத் தொடங்கியது. எல்லாரும் செய்வதையே ஆசிரியரும் செய்தார். கடையில் 340 கிராம் வாயு அடைத்த குப்பிகள் மூன்று வாங்கி வந்து, ஒன்றைச் செலுத்தினார். பயனில்லை. இரண்டாவதையும் செலுத்தினார். முன்பிருந்த சிறிதளவு தண்மையும் போயிற்று. கம்ப்ரசரும் அடிக்கடி தானே நின்று நின்று இயங்கலாயிற்று.

குளிர் குறைந்தால் வாயு குறைந்தது என்று கொள்வது மக்களிடையே ஊறிப்போன எண்ணம். உண்மையில் இச்சாதனத்தில் வாயு செலவாவதே இல்லை. வியர்வை உலரும்போது உடல் குளிர்கிறதன்றோ? அதே இயல்புதான் இங்கும். நீர்மம் ஆவியாகும்போது வண்டிக்குள் உள்ள வெப்பத்தைக் கவர்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்துகிறது. வெளிக்காற்றில் வெப்பத்தை விட்டு அது மீண்டும் நீர்மமாகிறது. அடைத்த குழாய்களுக்குள் ஒரே பொருள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால், எங்கோ கசிகிறது என்பதே பொருள். அளவுக்கு மிஞ்சினாலோ, ஆவி நீர்மமாவதற்கு வேண்டிய இடத்தை நீர்மமே அடைத்துக்கொள்ளும், அழுத்தம் உயரும், காவல் விசை கம்ப்ரசரை நிறுத்திவிடும். ஆசிரியரின் வண்டியில் நடந்ததும் அதுதான்.

பழுது பார்ப்போரைத் தேடுவது அடுத்த தொல்லை. கார் பட்டறைகளின் வாயிலுக்குள் இவ்வுயரமான வண்டி நுழையாது. அடிச்சட்டமும் எஞ்சினும் ஒரு நிறுவனத்தார் செய்தவை. வீட்டுப் பகுதியைக் கட்டியவர் வேறொருவர். யாரைக் கேட்டாலும் மற்றவரைக் கைகாட்டுவர். எஞ்சின் பின்புறம் அமைந்த வண்டிகளிலோ கம்ப்ரசர் ஒரு கோடியிலும் குளிர்விக்கும் பெட்டி மறு கோடியிலும் இருக்க, இடையே வண்டியின் நீளம் முழுவதும் குழாய் ஓடும். 1939இல் பேக்கர்ட் நிறுவனம் காரில் குளிர்சாதனத்தைப் பொருத்தி விற்கத் தொடங்கியபோது, அதனை முற்றாக நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, இறங்கி வாரைக் கழற்ற வேண்டியிருந்தது. தொல்லைதான், ஆயினும் சாதனம் இருக்குமிடத்தை வண்டிக்காரர் அறிந்திருந்தார்.

நான்காவது பட்டறையில் இருந்த இளைஞர், வண்டியை வெளியிலேயே நிறுத்தச் சொல்லி வந்து பார்த்தார். குப்பியைத் தொடவில்லை. அழுத்தமானிகளை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதற்குள் எவ்வளவு வாயு செலுத்தினீர்கள்?" என்றார்.

"இரண்டு குப்பி."

உள்ளிருந்த வாயு முழுவதையும் பொறியினால் உறிஞ்சி எடுத்து நிறுத்தார் அவர். ஏறத்தாழ 2 கிலோ இருந்தது. வண்டியின் பழைய ஏட்டில் கண்ட அளவு 1 கிலோ 300 கிராம். ஆசிரியரே மனக்கணக்காகக் கழித்துப் பார்த்தார்: இரண்டு குப்பிக்கு 680 கிராம், மீதி ஏட்டில் உள்ள அளவேதான். அப்படியானால் தொடக்கத்தில் குறையவே இல்லை! கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிக் காட்டிய கழித்தல் கணக்கு அது.

குளிர் எங்கே போயிற்று? பனிக்காலத்தில் வண்டியை வெதுவெதுப்பாக்க, எஞ்சினின் வெந்நீர் முகப்புப் பெட்டிக்குள் வரும்படி ஒரு குழாய் உண்டு. அதனை மூடித் திறக்கும் வால்வு, ஓராண்டு அசையாமல் கிடந்ததால் இறுகித் திறந்தபடியே நின்றுவிட்டது. ஒரே பெட்டிக்குள் ஒருபுறம் தண்மை பிறக்க, மறுபுறம் வெந்நீர் அதனை விழுங்கிக்கொண்டிருந்தது. இளைஞர் அந்த ரப்பர்க் குழாயை இடுக்கியால் நெரித்துப் பிடித்தார். குழாய்களில் இருந்த காற்றையும் ஈரத்தையும் பம்பினால் வெளியேற்றி, உரிய எடை வாயுவை மட்டும் திரும்பச் செலுத்தினார். சிறிது நேரத்தில் முகப்பிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது.

நெடுநாள் நிறுத்தி வைத்த வண்டியில் இவ்வால்வு மட்டும் கெடுவதில்லை. கம்ப்ரசரின் சுழல்தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு எண்ணெய்ப்பசையின்றி உலர்ந்து கசியும். ஆகவேதான் பனிக்காலத்திலும் அவ்வப்போது சில நிமிடம் சாதனத்தை இயக்குமாறு வண்டி ஏடுகள் கூறுகின்றன. பலர் அப்பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

வாயுவை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் எளிதில் வந்ததன்று. பழைய வண்டிகளில் ஆர்-12 என்னும் வாயு இருந்தது. கசிந்தால் நிரப்புவதும் வேண்டாதபோது வானில் திறந்துவிடுவதுமே அன்றைய நடைமுறை. அத்தகைய வாயுக்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மொலினா, ரோலண்ட் ஆகிய அறிஞர் இருவர் 1974இல் எழுதினர். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது; 1995ஆம் ஆண்டின் இறுதியோடு அமெரிக்காவில் ஆர்-12 உற்பத்தி பெரும்பாலும் நின்றது. அதன் இடத்திற்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது அது. ஒரு சிறு குப்பி வானில் கலந்தால் ஏறத்தாழ அரை டன் கரியமில வாயு கலந்ததற்கு ஒப்பாகும். கூலிக்கு இப்பணியைச் செய்வோர் தேர்ச்சிச் சான்று பெற்றிருத்தல் வேண்டும் என்கிறது அந்நாட்டுச் சட்டம். வாயுவை வேண்டுமென்றே வெளியில் விடுவதும் குற்றமாகும்.

புதிய வால்வு மறுநாள்தான் வந்து சேர்ந்தது. பொருத்துவதற்கு அரைமணி நேரமும் ஆகவில்லை. வண்டி பாலைவனச் சாலையில் ஏறிய சற்று நேரத்திற்கெல்லாம் அம்மையார் தம் பக்கத்துக் காற்றுவாயைப் பாதி மூடிக்கொண்டு, தோளில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டார். திறக்காத மூன்றாவது குப்பியை ஆசிரியர் பட்டறையிலேயே விட்டுவந்திருந்தார்.