காருக்கு கண் ஆபரேஷன்!

உங்க வீட்டு காருக்கு வயசு பத்தைத் தாண்டிடுச்சா பாஸ்? அப்ப ஒரு நிமிஷம் வெளியே போய் அதோட மூஞ்சியைப் பாருங்க. ஹெட்லைட் ரெண்டும் மஞ்சள் பூத்து, புகை படிஞ்ச லாந்தர் கண்ணாடி மாதிரி இருக்கா? அதுக்கு வந்திருக்கறது மெட்ராஸ் ஐ இல்ல, கண்புரை! மெட்ராஸ் ஐ நாலு நாள்ல தானா ஓடிடும். இது ஓடாது. ஆபரேஷன்தான்.

'அதான் மெக்கானிக் இருக்காரே'ன்னு நீங்க நழுவறது தெரியுது. எங்க மாமாவும் அப்படித்தான் போனார். மூலக்கொத்தளத்துல மீன் வியாபாரம் பண்றவர். பழைய சான்ட்ரோ ஒண்ணு வச்சிருக்கார். விடியக்காலை 3 மணிக்கெல்லாம் டிக்கியில ஐஸ் பெட்டியை ஏத்திக்கிட்டு காசிமேடு ஏலத்துக்குக் கிளம்பிடுவார். (அந்த காருக்குள்ள உட்கார்ந்து பாருங்க... சென்ட் கம்பெனிக்கே சவால் விடும் வாசனை!) ஒரு ராத்திரி டிரைவர் சைடு லைட் மங்கிப் போய், எதிர்ல வந்த பைக்காரர் இதை இன்னொரு பைக்னு நினைச்சு நேரா உள்ளே வந்துட்டார். ரெண்டு பேரும் பிரேக் அடிச்சதுல நடுவுல ஒரு முழம்தான் மிச்சம். அன்னிக்கு மாமாவுக்குக் கை நடுங்கினது வீட்டுக்கு வந்த பிறகும் நிக்கல.

நம்ம ஏரியா ரோடு தெரியும்ல? திருவொற்றியூர் பக்கம், எண்ணூர் பக்கம் ராத்திரியில துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் டிரெய்லர் பக்கத்துல பக்கத்துல மலை மாதிரி நகரும். அதுக்கு நடுவுல ஒத்தைக் கண்ணோட ஒரு சின்ன கார் வந்தா, எதிர்ல வர்றவங்களுக்கு அது கார்னே தெரியாது. நம்ம வண்டி எவ்வளவு அகலம்னு அடுத்தவங்களுக்குச் சொல்றதும் ஹெட்லைட்டோட வேலைதான்.

ஒர்க்ஷாப்புல கேட்டா, ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்கன்னாங்க. சொன்ன ரேட்டும் மாமாவுக்கு மயக்கம் வர வெச்சுது. ரெண்டு நாள் வண்டி நின்னா ரெண்டு நாள் மீன் இல்ல. "இன்னாடா, இஞ்சினீரிங் படிக்கிறேன்னு சொல்லிகினு திரியிற, ஒரு லைட்டு மாத்தத் தெரியாதா?"ன்னு மாமா கேட்டார். நம்ம மானத்துக்கே வந்த சவால்! ட்ரிப்பிள் ஈ படிக்கற ஃப்ரெண்டையும் அவனோட மல்டிமீட்டரையும் இழுத்துக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை இறங்கிட்டேன்.

முதல்ல ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். அம்பாசடர், ஜீப் எல்லாம் ஓடின காலத்துல ஹெட்லைட்னா 7 இன்ச் வட்டக் கண்ணாடி. கல்லடி படாத வரைக்கும் அது மஞ்சளாகாது. அப்புறம் காரோட மூக்கும் முழியும் ஷேப்பா மாற ஆரம்பிச்சதும் கண்ணாடி போய் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வந்துச்சு. அமெரிக்காவுல 1983-ல விதியை மாத்தின பிறகு, 1984 மாடல் லிங்கன் கார்லதான் அங்கே முதல் தடவையா இந்த மாதிரி லைட் வந்தது. நம்ம ஊரும் சும்மா இல்ல. 1996-ல லூகாஸ் டிவிஎஸ்ஸும் ஜப்பானோட கொய்டோவும் சேர்ந்து, கார் லைட் செய்யறதுக்குன்னே இந்தியா ஜப்பான் லைட்டிங்னு ஒரு கம்பெனியை சென்னைக்குப் பக்கத்துல ஆரம்பிச்சாங்க.

பிளாஸ்டிக் லேசு, சுலபத்துல உடையாது. ஆனா வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் அதுக்கு ஆகாது. மேலே பூசியிருக்கற கோட்டிங் வெயில்ல அரிஞ்சு போனதும் பிளாஸ்டிக் மஞ்சளாக ஆரம்பிக்கும். டூத்பேஸ்ட் வச்சுத் தேய்ச்சா பளபளக்கும்னு யாராவது சொல்லியிருப்பாங்களே? பளபளக்கும்தான். ஆனா கோட்டிங்கே இல்லாத பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்? உள்பக்கம் நல்லா இருந்து மேல்பக்கம் மட்டும் மங்கியிருந்தா, வாட்டர் பேப்பர்ல படிப்படியா தேய்ச்சு, பாலிஷ் போட்டு, மேலே யு.வி. தாங்கற கிளியர் கோட் அடிக்கலாம். உள்ளே இருக்கற வெள்ளிப் பூச்சு உரிஞ்சு போயிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. டூமையே மாத்தணும். மாமா காருக்கு ரெண்டாவது கேஸ்.

ஆனா அவசரப்பட்டு பர்ஸைத் திறந்துடாதீங்க. லைட் மங்கலா எரியறதுக்கு டூம் மட்டுமே காரணம் இல்ல. நம்ம பக்கம் கடல் காத்து உப்பு. எர்த் கனெக்ஷன், ஹோல்டர் பின் எல்லாத்துலயும் பச்சை பூத்துப் போயிடும். இங்கதான் ட்ரிப்பிள் ஈ ஹீரோவோட என்ட்ரி! லைட்டைப் போட்டுட்டு பேட்டரியில வோல்ட் பாருங்க. அப்புறம் பல்ப் எரியறப்பவே ஹோல்டர் பின்னுல பாருங்க. ரெண்டுக்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா வயரிங்லதான் வியாதி. ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சுடும். மாமா காருல எர்த் போல்ட்டை எமரி பேப்பர்ல சுரண்டினதுக்கே கிளீனர் சைடு லைட் ஒரு சுத்து கூட எரிஞ்சுது. செலவு? ஒரு எமரி ஷீட்!

(டிரைவர் சைடு, கிளீனர் சைடுன்னு சொல்லிப் பழகுங்க பாஸ். 'லெஃப்ட்'னு கேட்டா, கடைக்காரர் காருக்கு முன்னால நின்னு பார்க்கற லெஃப்ட்டா, உள்ளே உட்கார்ந்து பார்க்கற லெஃப்ட்டான்னு திருப்பிக் கேட்பார். கிளீனர்னா குழப்பமே இல்ல.)

சரி, ஷாப்பிங். புதுசு வேணும்னா ஜி.பி. ரோடு. பட்ஜெட் இடிக்குதுன்னா நம்ம புதுப்பேட்டை. தெருவுல நுழைஞ்சதும் 'இன்னா வண்டி, இன்னா மாடல்?'னு நாலு பக்கமும் குரல் வரும். பதட்டப்படாம டூமைக் கையில வாங்கித் திருப்பிப் பாருங்க. முதல்ல காது. அதாங்க, போல்ட் மாட்டற பிளாஸ்டிக் நீட்டல். முட்டின வண்டியில இருந்து கழட்டினதுன்னா முதல்ல உடையறது அதுதான். ஒட்டிக் கொடுத்திருந்தா நகத்தால நெருடினாலே தெரியும். அடுத்து உள்ளே தண்ணி நின்ன தடம் இருக்கா பாருங்க. அப்புறம் குலுக்கிப் பாருங்க. கடகடன்னு சத்தம் வந்தா, அட்ஜஸ்ட் பண்ற ஸ்க்ரூவோட பிளாஸ்டிக் உள்ளே உடைஞ்சு கிடக்குதுன்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் ஜோடியா வாங்கறது நல்லது. ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா கார் கண்ணடிக்கற மாதிரியே இருக்கும்.

இப்ப ஆபரேஷன் தியேட்டர். இன்ஜின் ஆறட்டும். பேட்டரியோட நெகட்டிவ் டெர்மினலை முதல்ல கழட்டிடுங்க. மாமா காருல பம்பரைத் தளர்த்தாம டூம் வெளியே வரல. மேலே இருக்கற பிளாஸ்டிக் கிளிப், சக்கரம் பக்கத்துல இருக்கற ஸ்க்ரூ எல்லாம் எடுத்துட்டு, பம்பரை ஒருத்தர் பிடிச்சுக்கணும். தனி ஆளா இறங்காதீங்க. பெயின்ட் ஓரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிக்குங்க, கீறல் விழாது. 10-ம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் ஒண்ணு, ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு, முக்கால்வாசி வேலை முடிஞ்சுது.

மிச்சக் கால்வாசியை நம்ம ஊர் உப்புக் காத்து பார்த்துக்கும்! துருப்பிடிச்ச போல்ட்டோட மல்லுக்கட்டினா தலை அறுந்துடும். துரு எடுக்கற ஸ்ப்ரே அடிச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. எங்களுக்கு மூணு டீ ஆச்சு. திரும்ப மாட்டும்போது போல்ட்ல கொஞ்சம் கிரீஸ் தடவிட்டா, அடுத்த தடவை கழட்டறவர் உங்களை வாழ்த்துவார். கழட்டின ஸ்க்ரூவையெல்லாம் டிபன் பாக்ஸ் மூடியில, எந்த இடத்துலேர்ந்து வந்ததோ அந்த வரிசையிலேயே வைங்க. கடைசியில ஒரு ஸ்க்ரூ மிச்சமானா அன்னிக்குத் தூக்கம் போச்சு.

டூம் வெளியே வந்ததும் பின்னால ரப்பர் பூட்டை உருவி, கம்பி கிளிப்பை அமுக்கி பல்பை எடுங்க. மூணு பின் இருக்கற எச்4 பல்ப். ஒரே பல்புக்குள்ள ரெண்டு இழை. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். புது பல்போட கண்ணாடியை விரலால தொடாதீங்க ப்ளீஸ்! விரல்ல இருக்கற எண்ணெய்ப் பசை அதுல ஒட்டினா, அந்த இடம் மட்டும் சூடு ஏறி பல்ப் சீக்கிரம் போயிடும். சுத்தமான துணியால பிடிங்க.

இந்த இடத்துல ஒரு சபலம் வரும். '100/90 வாட் போடு மச்சி, பகல் மாதிரி இருக்கும்'னு காலேஜுல ஒரு அட்வைஸர் கண்டிப்பா இருப்பான். கணக்கு போடுங்க. 12 வோல்ட்ல 60 வாட்டுக்கு 5 ஆம்பியர். 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்கு மேல. ரிலே போடாம பழைய வயர்லயே இதை ஓட்டினா ஹோல்டர் உருகும். ஹாலஜனுக்குன்னு செஞ்ச டூம்ல கண்ட எல்.இ.டி. பல்பைச் சொருகறதும் அதே ரகம்தான். உங்களுக்குப் பளிச்னு இருக்கும், எதிர்ல வர்றவருக்குக் கண்ணு போகும்.

டூமை மாட்டியாச்சு, லைட் எரியுது, முடிஞ்சுதுன்னு கையைத் துடைச்சுடாதீங்க. நிறைய பேர் இங்கதான் எஸ்கேப் ஆயிடறாங்க. என்னைக் கேட்டா மொத்த வேலையில முக்கியமானதே இதுதான்... அலைன்மென்ட்!

இதுக்கு ஒரு சமதள ரோடும், ஒரு சுவரும் வேணும். மூலக்கொத்தளம்னாலே பழைய மதராஸ் நகர மதிலோட மூலையில இருந்த கொத்தளம்தானே. சுவரால பேர் வந்த ஊர்ல சுவருக்கா பஞ்சம்? எங்களுக்குக் கிடைச்சது சுடுகாட்டு காம்பவுண்டு சுவர்! 1939 இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல சிறைக்குப் போய் உயிரிழந்த நடராசனும் தாளமுத்துவும் அடக்கமான அதே இடம். ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சுவர்ல ரெண்டு பேர் சாக்பீஸால கோடு போட்டுக்கிட்டு இருந்தா எப்படி இருக்கும்? ரோந்து வந்த போலீஸ்காரர் நிஜமாவே வண்டியை நிறுத்தி இறங்கிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரே தள்ளி நின்னு, "கிளீனர் சைடு இன்னும் கொஞ்சம் இறக்கு தம்பி"ன்னு டைரக்ஷன் பண்ண ஆரம்பிச்சுட்டார்.

செய்முறை இதுதான். டயர்ல காத்து சரியா இருக்கணும். டிரைவர் சீட்ல ஆள் உட்காரணும். காரைச் சுவர்கிட்ட ஒட்டி நிறுத்தி, ரெண்டு பல்போட நடுவுக்கும் நேரா சுவர்ல மார்க் பண்ணுங்க. அப்புறம் காரை நேரா 10 மீட்டர் பின்னால எடுங்க. மார்க்குக்கு 10 சென்டிமீட்டர் கீழே ஒரு கோடு போட்டு, லைட்டை டிம்ல வைங்க. வெளிச்சத்தோட மேல் விளிம்பு அந்தக் கோட்டுல உட்காரணும். டூமுக்குப் பின்னால ரெண்டு ஸ்க்ரூ இருக்கும். ஒண்ணு மேலே கீழே, இன்னொண்ணு பக்கவாட்டு. கால் சுத்து கால் சுத்தா திருப்புங்க.

சுவர்ல தெரியற வெளிச்சம் ஒரே நேர்கோடா இருக்காது. கிளீனர் சைடு பக்கம் மட்டும் லேசா மேலே ஏறும். நாம இடது பக்கம் போறதால, ஓரத்துல நடந்து போறவங்களைக் காட்டறதுக்காக அப்படி. அதுவே வலது பக்கம் ஏறினா, அது வெளிநாட்டு வண்டியோட டூம். எதிர்ல வர்றவர் கண்ணுக்கு நேரா அடிக்கும். எவ்வளவு சீப்பா கிடைச்சாலும் திருப்பிக் கொடுத்துடுங்க. ஹெட்லைட் நடுவுல கறுப்புப் பொட்டு ஒட்டிட்டா சரியாயிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. பொட்டு வெளிச்சத்தைக் குறைக்கும், ஆனா தப்பான இடத்துல அடிக்கற லைட்டைச் சரியான இடத்துக்குக் கொண்டுவராது.

மாமா கேஸ்ல இன்னொரு சிக்கல். காலி வண்டியில அலைன்மென்ட் பக்காவா இருந்துச்சு. ஆனா டிக்கியில ஐஸும் மீனும் ஏறினா பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கும். லைட் ரெண்டும் வானத்தைப் பார்க்கும்! சில கார்ல இதுக்குன்னு டேஷ்போர்டுல ஒரு குமிழ் இருக்கும். இதுல இல்ல. அதனால ஐஸ் பெட்டியில தண்ணியை ரொப்பி டிக்கியில ஏத்திட்டு, மறுபடி சுவர்கிட்ட போனோம். லோடோட இருக்கும்போது சரியா வர்ற மாதிரி வச்சாச்சு. காலியா ஓட்டும்போது வெளிச்சம் கொஞ்சம் கிட்டத்துல விழும். அது பரவாயில்ல, ஏலத்துக்குப் போறப்ப காலி வண்டியில மாமாவுக்கு அவசரமும் இல்ல.

அன்னிக்கு விடியக்காலை நாங்களும் கூடவே காசிமேடு போனோம். எதிர்ல வந்த டிரெய்லர் டிரைவர் யாரும் லைட்டை அடிச்சு அடிச்சு சிக்னல் கொடுக்கல. அதை வச்சே வேலை ஒழுங்குன்னு தெரிஞ்சுக்கலாம். மாமா ஒண்ணும் சொல்லல, ஏலத்துல ரெண்டு கிலோ வஞ்சிரம் எடுத்து எங்க பையில போட்டார்.

கழட்டின பழைய டூமைக் குப்பையில போட்டுடாதீங்க. காது உடையாம இருந்தா புதுப்பேட்டையிலேயே ஒரு விலைக்கு எடுத்துக்குவாங்க. எரியற பழைய பல்பைத் துணியில சுத்தி டேஷ்போர்டுல போட்டு வைங்க. ராத்திரி நடுரோட்டுல பல்ப் போனா உதவும். அப்ப அந்த ரப்பர் பூட்டை டார்ச் வெளிச்சத்துல கழட்டத் தெரியணும், இப்பவே ஒரு தடவை பழகிக்குங்க.