பாண்டியில ஒரு பெட்ஷீட் வாங்கின கதை

பாண்டிக்கு வர்றவங்க ஊருக்குத் திரும்பும்போது என்ன வாங்கிட்டுப் போவாங்க? அட, அதைச் சொல்லலீங்க! நான் வாங்கினது ஒரு பெட்ஷீட். சிரிக்காதீங்க பாஸ். படிப்புக்கோ வேலைக்கோ ஊரை விட்டு வந்து ரூம் எடுத்துத் தங்குறவங்க எல்லாருக்கும் தேவைப்படுற மேட்டர் இது. வீட்ல இருந்தவரைக்கும் பெட்ஷீட் தானா துவைஞ்சு தானா மடிஞ்சு வந்துடும்னு நினைச்சவங்கதானே நாம எல்லாம்!

எனக்கு முதலியார்பேட்டையில மாடி ரூம். கீழே ஹவுஸ் ஓனர் தாத்தா. சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போனேன். பார்த்திருக்கீங்களா? வாரத்துல ஒரு நாள் அந்த வீதியே கடையா மாறிடும். டி-ஷர்ட், செருப்பு, பழைய புஸ்தகம், பாத்திரம், நடுவுல நகர முடியாத கூட்டம். நான் ஒரு பெட்ஷீட்டோட கலரைப் பார்த்து விழுந்துட்டேன். கருஞ்சிவப்பு, தட்டு சைஸ்ல பூ, தொட்டா வழவழன்னு இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரியே தெரிஞ்சுபோச்சு. பாண்டிப் புழுக்கத்துல அது முதுகோட ஒட்டிக்கிட்டு, புரண்டா கூடவே வருது. பாலியஸ்டர் கலந்த துணி வியர்வையை உறிஞ்சாது. நாமதான் அதுல ஊறணும். மறுநாள் அதை வெள்ளைச் சட்டையோட ஒரே பக்கெட்ல ஊறவெச்சேன். சட்டை ரோஸ்மில்க் ஆயிடுச்சு. கடைக்காரரைத் திட்டி என்ன பண்ண? ரெண்டு தப்பும் நான் பண்ணதுதான்.

கொடியில தொங்கின ரோஸ்மில்க் சட்டையைப் பார்த்த தாத்தா சிரிக்கல. "தம்பி, துணியைக் கண்ணால வாங்கக்கூடாது, கையால வாங்கணும்"னார். அவர் ஏ.எஃப்.டி. மில்லுல தறி ஓட்டினவர். அடுத்த ஞாயிறு கூடவே வந்தார்.

அவர் வாங்குற அழகே தனி. ஒரு மூலையைக் கைக்குள்ள கசக்கிப் பத்து எண்ணுவார். விரிச்சதும் சுருக்கம் விழுந்திருந்தா பருத்தி. ஒண்ணும் நடக்காத மாதிரி பளிச்சுன்னு நின்னா கலப்படம். அப்புறம் வெயிலுக்கு நேரா பிடிப்பார். நெசவு நெருக்கமா, ஒரே சீரா தெரியணும். கட்டை விரலால தேய்ச்சா மாவு மாதிரி உதிருதா? அது கஞ்சி. முதல் துவையல்லயே கஞ்சி போய்டும், துணி வலை மாதிரி நிக்கும். கடைசியா, தண்ணியில நனைச்ச கர்ச்சீப்பால ஒரு தேய்ப்பு. கர்ச்சீப்ல கலர் ஏறினா அந்தக் கடைக்கு ஒரு கும்பிடு! சந்தேகம் தீரலைன்னா வீட்டுக்கு வந்து ஓர நூல் ஒண்ணை உருவிக் கொளுத்திப் பாருங்க. பருத்தி காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி உருண்டையாகும்.

பெரிய கடைகள்ல 'த்ரெட் கவுன்ட் 800'னு மிரட்டுவாங்க. ஒரு சதுர அங்குலத்துல பாவும் ஊடையுமா எத்தனை நூல் இருக்குங்கறதுதான் அந்தக் கணக்கு. ஒரே நூலுக்குள்ள முறுக்கின இழைகளையும் தனித்தனியா எண்ணி நம்பரை ஏத்துறது உண்டு. நம்ம ஊர் வெக்கைக்கு 200, 300 தாராளம். 'சாட்டீன்' நெசவு பளபளக்கும், ஆனா கொஞ்சம் சூடு. ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு நெய்யுற 'பெர்கேல்' மொறமொறன்னு காத்தோட்டமா இருக்கும். பாரசீகத்துல பிறந்து பிரெஞ்சு வழியா உலகம் சுத்தின வார்த்தை அது. ஹாஸ்டல் கட்டிலுக்கு 60க்கு 90 இன்ச் போதும். நான் கடைசியா வாங்கினது சென்னிமலை ஷீட். வெள்ளையில நீலக் கோடு.

பாண்டியில நின்னுக்கிட்டு ஈரோடு பக்கத்துத் துணியை வாங்குறோமேன்னு தாத்தாவுக்கு வருத்தம். வருத்தப்படாம என்ன செய்வார்? இங்கே நீலச் சாயம் ஏத்தின 'கினி' துணி பத்தொன்பதாம் நூற்றாண்டுல பிரான்ஸ் வழியா செனகல் வரைக்கும் போச்சு. அங்கே பிசின் வாங்க காசுக்குப் பதிலா அந்தத் துணியையே கொடுத்தாங்க. 1898ல ஆரம்பிச்ச ஏ.எஃப்.டி., அப்புறம் சுதேசி, பாரதின்னு மூணு மில்லு. 2011 டிசம்பர்ல 'தானே' புயல் ஏ.எஃப்.டி.யைப் புரட்டிப் போட்டுச்சு. 2020ல மூணுமே மூடியாச்சு. இப்போ நம்ம செட்டுக்கு ஏ.எஃப்.டி.ன்னா பொருட்காட்சி போடுற கிரவுண்ட், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது கடலூர் ரோட்டுல மில் பக்கம் தாத்தா வண்டியை நிறுத்தச் சொன்னார். 1936 ஜூலை 30. எட்டு மணி நேர வேலை, சங்கம் வெச்சுக்கற உரிமை, இதெல்லாம் கேட்டுப் போராடின மில் தொழிலாளிங்க மேல பிரெஞ்சுக்காரங்க சுட்டதுல 12 பேர் செத்தாங்க. வ.சுப்பையா முன்னே நின்ன போராட்டம். அடுத்த வருஷமே எட்டு மணி நேரம் சட்டமாச்சு. ஒவ்வொரு ஜூலை 30லயும் இங்கே அஞ்சலி செலுத்துறாங்க. "எட்டு மணி நேரம்னா என்ன தம்பி? மனுஷன் வீட்டுக்குப் போய்ப் படுக்கணும்ல!"ன்னார். நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து பகல்ல தூங்கினவர் சொல்றப்போ எனக்குப் பதில் வரல. வண்டியில மடியில வெச்சிருந்த பெட்ஷீட்டைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

சரி, துவைக்கிற கதைக்கு வருவோம். புது ஷீட்டை முதல் ரெண்டு மூணு தடவை தனியாத்தான் அலசணும், பச்சைத் தண்ணியில. உப்புத் தண்ணியில ஊறவெச்சா சாயம் நிக்கும்னு ஊரே சொல்லும். சாயம் ஏத்தும்போது உப்பு உதவும். ஏத்தின பிறகு போட்டா பிரயோஜனம் இல்ல.

கடலோரங்கறதால இங்கே பல இடத்துல போர் தண்ணி உப்பும் கடினமுமா இருக்கும். சோப்பு நுரைக்காது, தண்ணியில இருக்கற கால்சியத்தோட சேர்ந்து அழுக்குப் படலமா துணியில ஒட்டிக்கும். நுரை வரலையேன்னு பவுடரைக் கொட்டக் கொட்ட ஷீட் அட்டை மாதிரி விறைக்கும். அதுக்குப் பதிலா ஒரு ஸ்பூன் சலவை சோடாவைத் தண்ணியில கரைச்சுட்டு, அப்புறம் பவுடரைப் பாதி போடுங்க. அரை மணி ஊறினதும் காலால மிதிங்க. செம எக்சர்சைஸ்! மூணு தண்ணி அலசணும். பிழிய ஒரு ரூம்மேட் கட்டாயம், ஆளுக்கொரு முனை. சொட்டு நீலம் வெள்ளைக்கு மட்டும்.

வாரம் ஒரு தடவை துவைங்க. நம்ம உடம்புல உதிர்ற தோலைத் தின்னு வாழுற பூச்சிங்க கண்ணுக்குத் தெரியாது, தும்மல்லதான் தெரியும்.

பாண்டிக்குன்னே ஒரு ரூல் இருக்கு. காலையில எட்டு மணிக்கே காயப்போட்டுடணும். மத்தியானத்துக்கு மேல கடல் காத்து ஏறும், ஈரமும் உப்பும் சேர்ந்து வரும். உப்பு ஈரத்தை இழுக்கும், காஞ்ச ஷீட் மறுபடியும் பிசுபிசுன்னு ஆயிடும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை மழை வேற, அதனால ரெண்டு ஷீட் கையில இருக்கட்டும்.

போன வாரம் க்ளாஸ் முடிஞ்சு மூணு மணிக்கு ஓடி வந்தேன். கொடி காலி. ஐயோ, பறந்துடுச்சா? கீழே தாத்தா திண்ணையில என் ஷீட் நாலா மடிஞ்சு, கோட்டுக்குக் கோடு பொருந்தி இருந்துச்சு. "காத்து திரும்புச்சு, எடுத்துட்டேன்"னார். இன்னும் பிரிக்க மனசு வரல.