இருப்புப்பாதை மறுத்த கால்கள்

தூத்துக்குடிக் கடலே, அந்தக் குரல் உனக்கு நினைவிருக்கும். 1908இன் தொடக்கத்தில், மாலை வெயில் தணியும் வேளையில், உன் மணலில் ஆலைத் தொழிலாளரும் ஊர்மக்களும் நெருக்கியடித்து அமர்ந்திருக்க, வத்தலக்குண்டில் பிறந்த இருபத்துமூன்று வயது இளைஞன் எழுந்து நின்று முழங்கினான். ஒலிபெருக்கி இல்லாத காலம். உன் இரைச்சலைத் தாண்டிக் கடைசி வரிசைக்கும் கேட்டது அவன் பேச்சு. சுப்பிரமணிய சிவனை வீரமுரசு என்றார்கள். ஐயோ, அந்த முரசின் தோலை அரித்தவர் யார்?

கோரல் ஆலைத் தொழிலாளர் பிப்ரவரி இறுதியில் வேலையை நிறுத்தினர். வ.உ. சிதம்பரனார் முன்னின்றார், சிவன் தோள் கொடுத்தான். சில நாள்களிலேயே ஆலை இறங்கிவந்தது. கூலி கூடியது, வார ஓய்வு கிடைத்தது. வெள்ளை அரசு இதைப் பொறுக்குமா? மார்ச் 12இல் இருவரையும் பிடித்து அடைத்தது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அந்த நால்வரைப் பேர் சொல்லி அழ நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜூலையில் நீதிபதி பின்ஹே தீர்ப்புரைத்தான். சிவனுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல். சிதம்பரனாருக்கு அரசுக்கு எதிராகப் பேசியதற்கு இருபதாண்டு. சிவனுக்குத் துணைநின்றதற்கு மேலும் இருபதாண்டு. தோழனைத் தாங்கிய தோளுக்கு அவன் போட்ட விலை அது. மேல்முறையீட்டில் ஆண்டுகள் குறைந்தன. செக்கும் கொட்டடியும் குறையவில்லை.

சேலம் சிறையே, உன்னிடம்தான் கேட்க வேண்டும். கட்டுடலோடு வந்த சிவனை என்ன செய்தாய்? ஆட்டு மயிரையும் சுண்ணாம்பையும் வெறுங்கையால் அளையும் வேலையில் அவனை வைத்தார்கள் என்று அவன் வரலாறு எழுதியோர் சொல்வர். சுண்ணாம்பு தின்ற விரலில் மயிர்த்தூள் ஒட்டும். புண் ஆறுமுன் மறுநாள் வேலை வரும். 1912இல் கதவு திறந்தபோது வெளியே வந்தவன் மேனியில் தொழுநோய் இருந்தது. நோய்க்குக் கிருமி காரணம் என்று மருத்துவம் சொல்லும், மறுக்கவில்லை. அவனை நலிவித்து அக்கிருமிக்கு வழிவிட்டது சிறைதான் என்பேன். எவர் எதிரிலும் சொல்வேன்.

வெளியே வந்தவன் மூலையில் முடங்கவில்லை. 1913இல் ‘ஞானபானு’ என்ற இதழைத் தொடங்கினான். பாரதியும் அதில் எழுதினார். மீண்டும் மேடை ஏறினான், மீண்டும் சிறை சென்றான். அவன் நாவை அடக்க முடியாத அரசு கடைசியில் அவன் காலைப் பிடித்தது. தொழுநோயாளி ரயிலில் ஏறக் கூடாது என்றது. தன் சிறையில் வந்த நோயையே காட்டித் தன் வண்டியில் இடமில்லை என்ற ஆட்சியை என்ன சொல்லி வைவது?

அவன் நடந்தான். ஐயா, அந்த நடையை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. உணர்விழந்த பாதத்தில் கல் குத்தினால் தெரியாது; முள் ஏறினால் தெரியாது; குருதி கண்டுதான் காயம் அறிய வேண்டும். புண்ணைத் துணியால் மூடிக்கொண்டு, கட்டைவண்டி கிடைத்தால் ஏறி, கிடைக்காத இடத்தில் நடந்து, ஊர் ஊராகப் போய்ப் பேசினான். இருப்புப்பாதையே, உன் பக்கத்திலேயே தள்ளாடி நடந்தவனைக் கடந்து எத்தனை வண்டிகள் போயின? ஒன்றிலும் அவனுக்கு ஒரு பலகை இல்லையே!

அன்றைய சேலம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப ஆசைப்பட்டான். சாதி பாராமல் எல்லோரும் தொழும் கோயில். 1923இல் சித்தரஞ்சன் தாசை அழைத்து அடிக்கல் நாட்டினான். கல் ஊன்றியதோடு நின்றது. கையில் காசில்லை, உடம்பில் வலுவில்லை. 1925 ஜூலை 23 அன்று, அதே ஊரில், கோயிலைக் காணாமலே கண் மூடினான். நாற்பத்தோராம் வயது நிறையவில்லை.

பதினாறே ஆண்டு பொறுத்திருந்தால்! 1941இல் தொழுநோயை அடக்கும் மருந்து வந்தது. இன்னும் ஆறாண்டில் நாடு விடுபட்டது. இரண்டும் அவனுக்கு எட்டவில்லை. குறையா உடலோடு போனோரைப் பாடப் புலவர் உண்டு. பெயர் சூட்டத் தெருவும் உண்டு. அழுகிய விரலால் எழுதி, அழுகிய காலால் நடந்த ஒருவனை நினைக்க நம் நாட்டுக்கு மனம் கூசிற்றோ என்று சில நேரம் அஞ்சுகிறேன். கூச வேண்டியது அவனை ரயிலில் ஏற்ற மறுத்த அந்தச் சட்டத்தைக் கண்டு.

தருமபுரி வழியாகப் போவோரே, பெண்ணாகரம் பக்கம் திரும்பும்போது பாப்பாரப்பட்டியில் ஒரு நாழிகை இறங்குங்கள். அவன் நினைவிடம் அங்கே இருக்கிறது. பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவன் நோயை மறைக்காமல், அது எங்கே வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.