கடைசி வாங்கில் இருந்த பிள்ளை



நாங்கள் ஊருக்குத் திரும்பி மூன்று மாதமாகிறது. பள்ளியடியிலும் சந்தையிலும் காண்கிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறீர்கள். "குவாத்தமாலா எங்க இருக்கு? ரெண்டு பேரும் அங்க போய் என்ன செஞ்சீங்க?" ரோட்டில் நின்று சொல்லி முடிக்க ஏலாத கதை என்பதால் சிரித்துவிட்டு வந்துவிடுவோம். இன்று எழுதுகிறோம். முழுக் கதையும் அல்ல, ஒரு சனி, ஞாயிறு நடந்ததை மட்டும். அதோடு எங்கள் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெரியாதவர்களுக்காக: நாங்கள் கணவன், மனைவி இருவரும் ஆசிரியர்கள். ஒருவர் ஆரம்பப் பிரிவு, மற்றவர் கணிதம். ஆசிரியர் கலாசாலையில் ஒரே காலத்தில் படித்தவர்கள். பல வருடம் சேர்த்த காசைக் கையில் எடுத்து, சம்பளமில்லாத லீவில் எட்டுக் கிழமைகள் போய் வந்தோம். காலையில் ஸ்பானிஷ் படிப்பது, பின்னேரம் பிள்ளைகளுக்குத் தொண்டராகப் படிப்பிப்பது. இதுதான் ஏற்பாடு.

குவாத்தமாலா மெக்சிகோவுக்குத் தெற்கே இருக்கிறது. நாங்கள் தங்கிய அண்டிகுவா ஒரு காலத்தில் தலைநகரம். 1773ஆம் ஆண்டு பூகம்பத்தில் இடிந்த பிறகு தலைநகரத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இடிந்த தேவாலயங்கள் இன்னும் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. சுற்றிவர மூன்று எரிமலைகள். அதில் ஃபுவேகோ என்ற மலை அடிக்கடி புகை விட்டுக்கொண்டிருக்கும். ஸ்பானிஷ் வகுப்பு என்றால் கூட்டமாக இருந்து படிப்பதல்ல. ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியை, ஒரு மேசை, நாலு மணித்தியாலம்.

மேசை என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்பானிஷிலும் அது 'மேசா'தான். பாண் அங்கேயும் 'பான்'. சப்பாத்து 'சபாத்தோ', அலமாரி 'அர்மாரியோ', நாங்கள் பாடசாலையில் இருக்கும் வாங்கு 'பாங்கோ'. போர்த்துக்கேயர் எங்கள் நாட்டில் விட்டுப்போன சொற்களுக்கு ஸ்பானிஷில் உடன்பிறப்புகள் இருக்கின்றன. சீனிக்கு 'அசூக்கார்', எண்ணெய்க்கு 'அசெய்தே' என்பார்கள். இரண்டும் அரபியிலிருந்து போனவை. 'அப்படி நடக்கட்டும்' என்று ஆசைப்படும்போது 'ஒஹலா' என்பார்கள். அதற்குள்ளே அல்லாஹ்வின் பெயர் இருக்கிறது என்று ஆசிரியை சொன்னபோது எங்களுக்கு மெய் சிலிர்த்தது. இப்படி இருந்ததால் மொழி கெதியாக வருவதுபோல் தெரிந்தது. மூன்றாம் கிழமையே சாப்பாட்டுக் கடையில் "பன்றி வேண்டாம், அவரையில் பன்றிக் கொழுப்புப் போட்டிருக்கிறீர்களா?" என்று பிழையில்லாமல் கேட்கப் பழகிவிட்டோம். எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

பின்னேர வகுப்பு, நகரத்துக்கு வெளியே கோப்பித் தோட்டங்கள் நடுவே ஒரு சின்னக் கட்டடத்தில். பாடசாலை விட்ட பிறகு பிள்ளைகள் வருவார்கள். வீட்டுப்பாடம் செய்ய உதவ வேண்டும். அங்கே பெண் ஆசிரியைகளை 'செஞ்யோ' என்றும் ஆண்களை 'ப்ரோஃபே' என்றும் கூப்பிடுவார்கள். நம் பிள்ளைகளின் 'டீச்சர்', 'சேர்' மாதிரி.

அந்தக் கூட்டத்தில் எட்டு வயதுப் பொடியன் ஒருவன். வருவான், கடைசி வாங்கில் இருப்பான், போவான். கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பான். நாங்கள் கிட்டப் போய், மெதுவாக, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்போம். பதில் வராது. பிள்ளைகளைப் பற்றிக் குறிப்பெழுத ஒரு கொப்பி தந்திருந்தார்கள். நான்காம் கிழமை அதில் அவன் பெயருக்கு நேரே எழுதினோம்: "பாடத்தில் ஆர்வமில்லை. கிரகிப்பது குறைவு."

அந்தக் கிழமை சனிக்கிழமைதான் அத்தித்லான் ஏரிக்குப் புறப்பட்டோம்.

வசதியான வேன் இருக்கிறது. காசை மிச்சம் பிடிக்க ஊர் பஸ்ஸில் போனோம். அமெரிக்காவில் ஓடி ஓய்ந்த பாடசாலை பஸ்களை வாங்கி, கண்ணைப் பறிக்கும் நிறங்கள் பூசி ஓட்டுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்த இருக்கையில் மூன்று பெரியவர்கள். சிமால்தெனாங்கோவில் ஒரு பஸ், லோஸ் என்குவெந்த்ரோஸ் சந்தியில் இன்னொன்று, சொலொலாவில் இன்னொன்று. ஒவ்வொரு பஸ்ஸிலும் காதைக் கொடுத்துக் கேட்டோம், எங்கள் ஸ்பானிஷைச் சோதித்துப் பார்ப்போமே என்று. சிமால்தெனாங்கோ தாண்டிய பிறகு பக்கத்தில் இருந்த பெண்கள் கதைப்பதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. தொண்டைக்குள் அடைத்து விடுவதுபோல் ஓர் ஓசை. கெதியாகக் கதைக்கிறார்கள், அதனால்தான் பிடிபடவில்லை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

சொலொலாவிலிருந்து பஸ் இறங்கும்போது ஏரி தெரிந்தது. மூன்று எரிமலைகள் கரையில் நிற்க, நடுவில் நீலத் தண்ணீர். எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் நிறைந்த ஏரி அது. 300 மீற்றருக்கு மேல் ஆழம். வெளியே ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. சுப்ஹானல்லாஹ் என்று மட்டும் சொல்ல வந்தது. இரவு பனஹாச்செலில் தங்கினோம். ஊரில் மேற்கே பார்த்துத் தொழுது பழகிய நாங்கள் அங்கே வடகிழக்கே பார்த்து நின்றோம். முதல் நாட்களில் கால் தானாக மேற்கே திரும்பும்.

ஞாயிறு காலையில் போட் ஏறி சான் ஹுவான் லா லகூனா என்ற ஊருக்குப் போனோம். பின்னேரம் ஏரியில் காற்று எழும்பும், அலை பெரிதாகும், நேரத்தோடு திரும்புங்கள் என்று வீட்டுக்காரி சொல்லியிருந்தார். சான் ஹுவான் நெசவுக்குப் பேர்போன ஊர். பெண்கள் சேர்ந்து சங்கம் வைத்து நடத்துகிறார்கள். நூலுக்குச் சாயம் எல்லாம் இலை, பட்டை, கிழங்கு, பூச்சி என்று இயற்கையில் எடுப்பது. தறியின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறு முனையை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்து நெய்கிறார்கள். மருதமுனைத் தறிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தறி எவ்வளவு சின்னது என்று தோன்றும். ஒரு பெண்ணின் உடம்பே தறியின் பாதி.

ஒரு வீட்டுத் திண்ணையில் வயதான உம்மா ஒருவர் நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் பத்து வயதுப் பேத்தி. சால்வை ஒன்றைக் கையில் எடுத்து, முதல் நாளே மனனம் செய்துவைத்த வசனத்தைச் சொன்னோம்: "இதை நெய்ய எவ்வளவு காலம் எடுத்தது?" அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நூலைப் பார்த்தார். விளங்கவில்லையாக்கும் என்று திரும்பச் சொன்னோம். மெதுவாக. சத்தமாக. ஒவ்வொரு சொல்லாக.

பேத்தி எங்களைப் பார்த்தாள். "உம்மம்மாவுக்குக் கஸ்தீயா வராது" என்றாள். ஸ்பானிஷை அங்கே கஸ்தீயா என்றும் சொல்வார்கள். "அவ த்சுதுஹில்தான் கதைப்பா. உங்களுக்குத் த்சுதுஹில் வருமா?"

வராது என்று தலையாட்டினோம்.

பரவாயில்லை என்பதுபோல அவள் எழும்பி வந்து நடுவில் நின்றுகொண்டாள். நாங்கள் அவளிடம் சொல்ல, அவள் உம்மம்மாவிடம் சொல்ல, பதில் திரும்பி வந்தது. மூன்று கிழமை. சமையல், தோட்டம் எல்லாம் முடித்து மிச்ச நேரத்தில். பிறகு உம்மம்மா எங்களிடம் கேட்டார்: உங்கள் ஊரில் பெண்கள் நெய்வார்களா? தலையில் போட்டிருக்கும் துணி யார் நெய்தது? கடையில் வாங்கியது என்றதும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். பேத்தி அதை மட்டும் மொழிபெயர்க்காமல் சிரித்தாள்.

நீ எப்படிக் கஸ்தீயா படித்தாய் என்று கேட்டோம். பாடசாலையில் என்றாள். முதல் வருடம் ஒன்றும் கதைக்கவில்லையாம். மாமாவின் மகள் பக்கத்தில் இருந்து, டீச்சர் சொல்வதைக் காதுக்குள் சொல்லிக் கொடுப்பாளாம். அவ்வளவுதான். அதில் அவளுக்குப் பெரிய விசேஷம் ஒன்றும் தெரியவில்லை.

மிச்சக் காசில் 25 செண்டாவோ நாணயம் ஒன்று வந்தது. அதில் ஒரு பெண்ணின் முகம். நீண்ட நாடாவைத் தலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருக்கிறார். அந்த ஏரியின் மறுகரையில் உள்ள சாந்தியாகோ அத்தித்லானைச் சேர்ந்த கொன்செப்சியோன் ரமிரெஸ் என்ற த்சுதுஹில் பெண்ணின் முகம் அது. இத்தனை கிழமையும் அந்தக் காசைக் கொடுத்துப் பாண் வாங்கியிருக்கிறோம். அந்தப் பெண்ணின் தாய்மொழி என்ன என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

குவாத்தமாலாவில் மாயா மொழிகள் மட்டும் 22 இருக்கின்றன. இது போவதற்கு முன்பே வாசித்த விசயம். ஆனால் வாசித்தது வேறு, திண்ணையில் ஊமையாக இருந்தது வேறு. 2003ஆம் ஆண்டு அந்த மொழிகளைத் தேசிய மொழிகளாக ஏற்றுச் சட்டம் போட்டார்கள். சட்டம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியாதா? எங்கள் நாட்டில் 1987ஆம் ஆண்டிலேயே தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. இன்றைக்கும் ஒரு கந்தோருக்குப் போய், விளங்காத மொழியில் உள்ள படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிரப்பித் தருவதற்கு ஆள் தேடி நின்ற அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அந்த நேரம் எங்களைப் பார்க்கிறவர் எங்களைப் படிக்காதவர் என்றுதானே நினைத்திருப்பார்?

திரும்பும்போது காற்று எழும்பிவிட்டது. போட் அலையில் ஏறி ஏறி விழுந்தது. பயத்தில் ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டு வந்தோம். கரையேறிய பிறகு, பஸ்ஸில்தான் அந்தப் பொடியன் ஞாபகத்துக்கு வந்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில். மெதுவாக, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக.

திங்கட்கிழமை பின்னேரம் அங்கே சமைக்கும் அக்காவிடம் கேட்டோம். அவர் சொன்னார்: அந்தக் குடும்பம் சொலொலாப் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து கோப்பி பறிக்க வந்தது, வீட்டில் கக்சிக்கெல் மொழிதான். அவருக்கும் அந்த மொழி தெரியும். நாலு கிழமையாக அவர் அடுப்படியில் இருந்தார், நாங்கள் வகுப்பில் இருந்தோம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவனிடம் ஏதோ கேட்டார். அவன் பதில் சொன்னான். பிறகும் சொன்னான். நிறுத்தவில்லை. அவனுக்குக் குரல் இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். கோப்பிக் கொட்டைகளை மேசையில் போட்டு எண்ணச் சொன்னோம். ஹுன், கஇ, ஒஷி என்று தொடங்கி ஓடினான். கூட்டலும் கழித்தலும் சரியாக வந்தன. பெருக்கல் வரவில்லை. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் "கிரகிப்பது குறைவு" என்று எழுதியது பொய். அந்த வரியை வெட்டினோம்.

அதன் பிறகு இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பிள்ளையை அவன் பக்கத்தில் இருத்தினோம். சான் ஹுவானில் அந்தச் சின்னப் பிள்ளை சொல்லித்தந்த வழிதான். கடைசிக் கிழமையில் ஒரு நாள் அவன் தானாக எழும்பி வந்து எங்கள் காலைக் காட்டி, "செஞ்யோ, சபாத்தோ" என்றான். சப்பாத்தின் கயிறு அவிழ்ந்திருந்தது.

இனி எங்கள் பிழை.

ஆறு வருடத்துக்கு முன் எங்கள் தரம் 3 வகுப்புக்கு ஒரு பெண் பிள்ளை வந்து சேர்ந்தாள். வாப்பாவுக்கு வெளியூரில் வியாபாரம். பிறந்ததிலிருந்து சிங்களப் பகுதியில் வளர்ந்து, சிங்கள மொழிமூலம் படித்த பிள்ளை. வியாபாரம் விழுந்து குடும்பம் ஊருக்கு வந்தது. எங்கள் பிள்ளை, எங்கள் மார்க்கம், எங்கள் ஊர். அவளுக்குத் தமிழ் வராது என்பதை நாங்கள் ஒரு குறையாகத்தான் பார்த்தோம். சொல்வதெழுதுதலில் பூச்சியம் வாங்கினாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி வாங்குக்கு அனுப்பினோம். முன்னேற்ற அறிக்கையில் எழுதினோம்: "கவனம் போதாது. மந்தமான மாணவி." அதை வாசித்துக் காட்டும்போது அவளுடைய உம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கூட்டிப் போக வேண்டும் என்று ஆசிரியர் கலாசாலையில் படித்தோம். பரீட்சையில் எழுதி மார்க்ஸும் வாங்கினோம். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை.

போன கிழமை பழைய பதிவேட்டில் இருந்த அவளுடைய வாப்பாவின் நம்பருக்கு எடுத்தோம். வேறு யாரோ பேசினார்கள். அவள் இப்போது தரம் 9 படித்துக்கொண்டிருப்பாள். இதை எழுதியதற்குக் காரணம் அவளும்தான். அந்தக் குடும்பத்தினர் இதை வாசித்தால் எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. வகுப்பில் ஒரு பிள்ளை கதைக்காமல் இருந்தால், அறிக்கையில் எழுதுவதற்கு முன் உம்மாவைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளை வீட்டில் எந்த மொழியில் சண்டை பிடிக்கும் என்று கேளுங்கள். அந்த மொழி தெரிந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். பெற்றோருக்கும் ஒன்று. அறிக்கையில் நாங்கள் எழுதுவதெல்லாம் சரி என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். எங்களிடம் திருப்பிக் கேளுங்கள்.

இந்த வருடம் எங்கள் வகுப்பில் கடைசி வாங்கில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவனின் வீட்டுக்கு நேற்றுப் போய் வந்தோம். மற்றவளின் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை போகிறோம், இன்ஷா அல்லாஹ்.