அதிகாலை ஈ.சி.ஆரும் ஐம்பதாயிரம் ரூபாயும்

மார்கழி விடியலில், நாலரை மணிக்கு, திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில் பக்கம் போனால் கோலம் போடுபவர்களைப் பார்க்கலாம், பால் வண்டியைப் பார்க்கலாம். அடுத்தபடியாகச் சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம். தலையில் ஹெல்மெட், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு, சட்டையின் முதுகுப் பையில் இரண்டு வாழைப்பழம். அடுத்த இரண்டு மணி நேரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை அவர்களுடையது. அதற்குமேல் பஸ்களும் கார்களும் வந்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் 47 வயதுப் பெண்மணி ஒருவர். ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர். குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நிதி திரட்ட, ஜனவரிக் கடைசியில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் சைக்கிளில் போகும் குழுவில் பெயர் கொடுத்திருக்கிறார். ஆளுக்கு 50,000 ரூபாய் திரட்டித் தரவேண்டும். பெயர் கொடுத்த நாள்வரை அவர் ஓட்டியிருந்த அதிகபட்ச தூரம், வீட்டிலிருந்து மார்க்கெட்.

பயிற்சி சாலையில் தொடங்குவதில்லை, சமையலறையில் தொடங்குகிறது. ராத்திரியே காய் நறுக்கி வைத்தாக வேண்டும். ஃபிரிட்ஜில் இட்லி மாவு இருந்தால் முட்டுக்காடு வரை போகலாம். மாவு தீர்ந்துவிட்டால் நீலாங்கரையோடு திரும்பிவிட வேண்டியதுதான்.

“ஏம்மா, பாண்டிச்சேரிக்குத்தான் பஸ் இருக்கே?” என்றார் மாமியார்.

“பஸ்ல போனா யாரும் காசு தர மாட்டாங்க அத்தை.”

உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் வெளிச்சம் வரும். முட்டுக்காடு பாலத்தில் அநேகமாக எல்லோருமே ஒரு காலை ஊன்றி நிற்பார்கள். இடதுபுறம் முகத்துவாரத்துக்கு மேலே சூரியன், வலதுபுறம் அசையாத காயல். முழங்கால் தண்ணீரில் நின்று வலை வீசுபவர்களுக்குச் சைக்கிள்காரர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருக்கும். அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வரை. கோவளம் தாண்டி, திருவிடந்தையில் வேகம் குறைக்க வேண்டும். நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்கு வரன் வேண்டி வருபவர்கள் சாலையைக் கடந்துகொண்டிருப்பார்கள். பிறகு வடநெம்மேலி முதலைப் பண்ணை, நெம்மேலி குடிநீர் ஆலை, புலிக்குகை இருக்கும் சாளுவன்குப்பம். முதல் தடவை இந்தப் பக்கம் வந்தபோது கருவேலமுள் டயரைப் பதம்பார்த்தது. யூடியூபைப் பார்த்துக்கொண்டே டியூப் மாற்ற முக்கால் மணி நேரம் ஆயிற்று. பஞ்சர் பார்க்கத் தெரியாமல் இந்தச் சாலையில் தூரம் போகக் கூடாது. கடைகள் திறக்க ஒன்பது மணியாகும்.

வடகிழக்குப் பருவக்காற்று இன்னொரு ஆசிரியர். தெற்கே போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். ‘நமக்கு நன்றாகவே ஓட்ட வருகிறதே’ என்று தோன்றும். மாமல்லபுரத்தில் திரும்பியதும் அதே காற்று நெஞ்சில் மோதும். மணிக்கு 22 கிலோமீட்டர் போன சைக்கிள் 14-க்கு இறங்கிவிடும்.

ஆனால் காற்றைவிடக் கஷ்டமாக இருந்தது காசு கேட்பது. இருபது வருடம் அடுத்தவர் பணத்தை எண்ணியவருக்குக் கேட்கத் தெரியவில்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார். பலர் கட்டைவிரல் உயர்த்தினார்கள், பணம் அனுப்பியவர் ஒருவர். அலுவலகத்தில் வாய் திறக்கவே ஒரு வாரம் ஆயிற்று. உறவில் ஒரு மாமா நேராகவே கேட்டார்: “நீ சைக்கிள் ஓட்டுறதுக்கு நான் எதுக்கும்மா காசு தரணும்?”

நியாயமான கேள்வி. அன்றைக்குப் பதில் இல்லை. அடுத்த ஞாயிறு, எதிர்க்காற்றில் பட்டிபுலம் பக்கம் வந்துகொண்டிருந்தபோது பதில் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் போன் செய்தார். “நான் ஓட்டலைன்னா அந்தப் பிள்ளைங்களைப் பத்தி நாம பேசியிருக்கவே மாட்டோமே மாமா!” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. சாயங்காலம் 2,000 ரூபாய் வந்தது.

பயணத்துக்கு முந்தைய கடைசி ஞாயிறு. நோட்டுப்புத்தகத்தில் இன்னும் 6,500 ரூபாய் பாக்கி. திரும்பும் வழியில் கோவளத்தில் ஓர் இளநீர்க் கடையில் நின்றார்.

“எதுக்கும்மா இப்படி வேர்க்க வேர்க்க ஓட்டுற?” என்று வெட்டிக்கொண்டே கேட்டார் கடைக்காரர்.

சொன்னார். பணம் கேட்கும் எண்ணத்தில் அல்ல, கேட்டதற்குப் பதிலாகத்தான். குடித்து முடித்து 60 ரூபாயை நீட்டியபோது கடைக்காரர் அரிவாளைக் கீழே வைக்காமலே தலையசைத்தார்.

“அதுல போட்டுக்கம்மா.”

நோட்டை எடுத்து, ‘இளநீர்க் கடை – 60’ என்று எழுதினார். பாக்கி 6,440. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பாலத்தை நோக்கி மிதித்தார். காற்று இன்னும் எதிரேதான் அடித்துக்கொண்டிருந்தது.