எண்ணெயிட்ட பிருடை

நரம்பிசைக் கருவிகளில் நரம்பை முறுக்கவும் தளர்த்தவும் அமைந்த முறுக்காணியைப் பிருடை என்கிறோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மறையுரை ஆற்றி வரும் நமக்கு, விரலளவேயான அச்சிற்றுறுப்பு அண்மையில் ஒரு மறையுரை ஆற்றியது. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது கடமை எனக் கருதுகிறோம்.

நம் பங்கின் பாடகர் குழுவில் உகுலேலே ஒன்று உண்டு. கப்பலில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தாம் இறப்பதற்கு முன் ஆலயத்திற்கு அளித்த கருவி அது. அதன் வரலாறும் கப்பலோடு பிணைந்ததே. 1879 ஆகஸ்டில், போர்ச்சுகலுக்குரிய மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குப் புறப்பட்ட மக்கள் 'ரேவன்ஸ்கிராக்' என்னும் கப்பலில் ஹொனலூலு வந்து இறங்கினர். அவர்களுள் மரவேலை அறிந்த மூவர், தம் ஊரின் சிறிய நான்கு நரம்புக் கருவியை ஹவாய்த் தீவின் கோவா மரத்தில் இழைத்தனர். அதற்கு அம்மண்ணின் மக்கள் இட்ட பெயருக்குத் துள்ளும் தெள்ளுப்பூச்சி என்று பொருள் கூறுவர்.

நம் ஆலயத்தில் அதனை மீட்டுபவள் அப்பெரியவரின் பேத்தி, 12 வயதுச் சிறுமி. கடந்த திருவருகைக் காலத்தில், "பிருடை இறுக்கமா இருக்கு சாமி" என்றாள். நாம் உடனே தையல் எந்திரத்திற்கான எண்ணெயை எடுத்துவந்து, நான்கு பிருடைகளிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டோம். குமிழ்கள் இலகுவாகச் சுழன்றன. நமக்கும் மனநிறைவு.

அடுத்த ஞாயிறு, காணிக்கைப் பாடலின் நடுவே சுருதி இறங்கியது. சிறுமி நிறுத்திச் சேர்த்தாள், மீண்டும் இறங்கியது. பாடல் சிதைந்தது. திருப்பலி முடிந்ததும், பாடகர் குழு முழுவதும் நிற்க, "சுருதி சேர்க்கத் தெரியாதவர்கள் கருவியைத் தொடக்கூடாது" என்றோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் அவள் பாடகர் குழுவிற்கு வரவில்லை. ஒரு மாலை அவளுடைய தாயார் கருவியைத் துணியில் சுற்றி உபதேசியாரிடம் கொடுத்துச் சென்றார்.

ஆலயத்தின் இருக்கைகளைச் செப்பனிட வந்த ஆசாரியாரிடம் அதனைக் காட்டினோம். அவர் ஒரு குமிழின் திருகைக் கழற்றி, விரலால் தடவி முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எண்ணெய் விட்டது யாரு சாமி?" என்றார்.

அவை பற்சக்கரம் இல்லாத பழைய வகைப் பிருடைகள். நரம்பின் இழுவிசையை எதிர்த்து நிற்பது உராய்வு ஒன்றே. குமிழின் நடுவிலுள்ள திருகை முடுக்கினால் உராய்வு கூடும், தளர்த்தினால் குறையும். இறுக்கமாக இருந்தபோது திருகைச் சற்றே தளர்த்தியிருந்தால் போதும். நாமோ எண்ணெயிட்டு, நரம்பைத் தாங்கிநின்ற உராய்வையே அழித்துவிட்டோம். ஆசாரியார் மேலும் ஒன்றைக் காட்டினார். திருகுகளின் தலையில் புதிய கீறல்கள் இருந்தன. இரண்டு குமிழ்கள் விரிசல் கண்டிருந்தன. நாம் கடிந்துகொள்ளும் முன்பே, அச்சிறுமி அவற்றை முடுக்கி நிறுத்த எவ்வளவோ போராடியிருக்கிறாள்.

பற்சக்கரமுள்ள பிருடைகளை வருவித்தோம். அவற்றில் குமிழைப் பதினான்கு முறை சுற்றினால்தான் தண்டு ஒரு முறை சுற்றும். நரம்பு எவ்வளவு இழுத்தாலும் தண்டு பின்னோக்கித் திரும்பாது. பழைய துளைகள் சிறியவை. மின்துளைப்பான் மெல்லிய மரத்தைப் பிளந்துவிடும் என்று, ஆசாரியார் கூம்பு வடிவக் கருவியொன்றைக் கையால் திருப்பித் திருப்பி, சிறிது சிறிதாகத் துளையை விரித்தார். இடப்புறம் இரண்டு, வலப்புறம் இரண்டு எனப் பொருத்தி, புதிய நரம்புகளும் கட்டினோம். ஒரு பிற்பகலில் வேலை முடிந்தது.

முடியாதது வேறொன்று. பிறருடைய பாவ அறிக்கையை எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுவரும் நமக்கு, அச்சிறுமியின் வீட்டு வாசல்வரை நடப்பது எளிதாக இல்லை. கருவியை உபதேசியாரிடமே கொடுத்தனுப்பிவிடலாமா என்றுகூட எண்ணினோம். ஆயினும் சென்றோம். "பிழை உன்னுடையதன்று அம்மா. எண்ணெய் விட்டவர் நாமே" என்றோம். பலர் முன் கடிந்ததைத் தனிமையில் மட்டும் திரும்பப் பெறுவது நீதியாகுமா? ஆகவே அடுத்த ஞாயிறு பாடகர் குழுவின் முன்னும் அதையே சொன்னோம்.

அவள் கருவியை வாங்கிச் சுருதி சேர்த்தாள். சிறிது நேரத்தில் சுருதி மீண்டும் இறங்கியது. எல்லாரும் நம்மைப் பார்த்தனர்.

"பிருடை நல்லாத்தான் இருக்கு சாமி. நரம்பு புதுசு. கொஞ்ச நாளைக்கு இறங்கத்தான் செய்யும், சேர்த்துக்கிட்டே இருந்தா நின்னுரும்" என்றாள், நம்மை நிமிர்ந்து பாராமலே.

இப்போது நரம்புகள் நின்றுவிட்டன. அவள் நம்மோடு முன்போல் பேசுவதற்கு இன்னும் சில ஞாயிறுகள் ஆகலாம். காத்திருக்கிறோம்.